சண்டைப் படத்தில் சின்னப் பிள்ளைகள்

(கோடை விடுமுறையில் நம் மொட்டை மாடியில் குழந்தைகளுக்குப் படம் போட்ட அன்று பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.)



புரொஜெக்டரைச் சரிசெய்ய இன்னும் கால் மணி நேரம் ஆகுமாம். அதுவரை யாராவது ஒரு பெரியவர் பேசட்டும் என்று கமிட்டியில் முடிவு செய்து என்னைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் தாராளமாக சமோசா சாப்பிடலாம். நான் பேசப்போவது உங்களிடம் இல்லை. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் அப்பா அம்மாவிடம்.

இன்றைக்குப் போடுவது 2010-ல் வந்த 'தி கராத்தே கிட்'. பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த படம். நம் பார்க்கிங்கில் சனி, ஞாயிறு கராத்தே வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து இவர்கள் லிஃப்ட் பட்டனைக்கூடக் காலால்தான் அமுக்கப் பார்க்கிறார்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது, பெயர்தான் கராத்தே. படத்தில் சொல்லித் தருவது குங்ஃபூ. கதை நடப்பதும் சீனாவில். அங்கே இதே படத்தை 'குங்ஃபூ கனவு' என்கிற பொருள் வரும் பெயரில்தான் வெளியிட்டார்கள்.

இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் நம் பிளாக்கில் ஒரு தாயார் என்னிடம் தன் போனைக் காட்டினார். 'சண்டைக் கலை தெரிந்த 6 முதல் 12 வயதுக் குழந்தைகள் சினிமாவுக்குத் தேவை, ஆடிஷனுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு' என்று ஒரு செய்தி. யார் அனுப்பியது, எந்தக் கம்பெனி, எந்தப் படம், ஒன்றும் இல்லை. பணம் அனுப்ப க்யூஆர் கோடு மட்டும் தெளிவாக இருந்தது. மறுநாளே இன்னொரு வீட்டிலும் அதே செய்தி. அந்த அம்மா கேட்டார்: "சார், கமல்ஹாசன்கூட சின்ன வயசுல இப்படித்தானே போயிருப்பார்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கமல் நடிக்க வந்தது 'களத்தூர் கண்ணம்மா'வில், 1960-ல். மூன்று வருஷம் கழித்து 'ஆனந்த ஜோதி'. எம்.ஜி.ஆர். அதில் பள்ளிக்கூட ஆசிரியர். தேவிகா கதாநாயகி. படத்தைத் தயாரித்தவர் பி.எஸ்.வீரப்பா. ஆமாம், அந்தச் சிரிப்புக்காரரேதான். எம்.ஜி.ஆரோடு சிறுவன் கமல் வருகிற படம் அது. இன்றைக்கு நாம் பார்க்கப் போகிற படத்தில் இருக்கிற உறவு அதிலேயே இருக்கிறது: பலசாலியான வாத்தியார், அவரை நம்புகிற பையன். சிலம்பம் தெரிந்த ஒருவர் வாத்தியாராக வந்தால் எந்தப் பையன்தான் நம்ப மாட்டான்?

அதன் பிறகு கமல் நேராகக் கதாநாயகன் ஆகிவிடவில்லை. குழந்தை முகம் போனதும் சினிமா கொஞ்ச காலம் அவரைக் கூப்பிடவில்லை. டி.கே.சண்முகம் நாடகக் குழுவில் சேர்ந்தார், நடனம் கற்றார், நடன உதவியாளராக இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது, ஒரு நல்ல நாடக வாத்தியார் நின்றார். க்யூஆர் கோடு நிற்கவில்லை.

இன்றைய படத்தின் வாத்தியார் ஜாக்கி சான். அவர் கதை வேறு மாதிரி. அப்பா அம்மா ஹாங்காங்கில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வீட்டில் வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவில் சமையல் வேலை கிடைத்தது. பையனைச் சீன இசை நாடகப் பள்ளி ஒன்றில் பத்து வருஷ ஒப்பந்தத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது அவருக்கு ஏழு வயது இருக்கும். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை பயிற்சி, தப்புச் செய்தால் பிரம்பு. 1962-லேயே சினிமாவில் குழந்தை நடிகராக வந்துவிட்டார். அங்கே கற்ற குட்டிக்கரணம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. ஆனால் எழுதப் படிக்கச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையே என்று அவரே பல பேட்டிகளில் வருத்தப்பட்டிருக்கிறார்.

2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாட்டு வெளியீட்டுக்காக ஜாக்கி சான் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்துக்கு வந்தார். எல்லாரும் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் ஒரே மேடையில் நிற்பதாகப் பேசினார்கள். எனக்கு அதை நினைத்தால் இரண்டு சின்னப் பையன்கள் நிற்பதாகத்தான் தோன்றும். ஒருவர் ஏவி.எம். ஸ்டூடியோவிலிருந்து வந்த பையன், இன்னொருவர் பத்து வருஷ ஒப்பந்தத்திலிருந்து வந்த பையன். அவர்களோடு கூட நடித்த மற்ற பிள்ளைகளின் பெயர் நமக்கு எத்தனை தெரியும்?

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பைத்தியம் புரூஸ் லீயிடமிருந்து வந்தது. அவரும் ஹாங்காங்கில் குழந்தை நடிகராக இருந்தவர்தான். 'எண்டர் தி டிராகன்' பார்த்த பிறகு துடைப்பக் கட்டையை இரண்டாக அறுத்து நடுவில் சைக்கிள் செயினைக் கோத்து நுன்சாக்கு செய்யாத பையன் எங்கள் தெருவில் இல்லை. என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு அதன் நினைவுச் சின்னம். அடித்தவன் வேறு யாருமில்லை, நானேதான்.

நம் ஊர்ப் பக்கத்துப் படத்துக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் விஜய் மில்டன் இயக்கிய 'கோலி சோடா'. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற நாலு பையன்கள். அவர்களுக்கு ஆதரவாக ஒரு ஆச்சி. ஒரு பெரிய மனிதரின் குடோனைக் கேட்டு வாங்கி மெஸ் நடத்துகிறார்கள். அந்தப் பெரிய மனிதரின் ஆள் அங்கே வந்து குடித்துக் கும்மாளம் போட, சண்டை வெடிக்கிறது. நாமெல்லாம் விசேஷத்துக்குக் காய்கறி வாங்கப் போகிற அதே சந்துகள். பையன்களாக நடித்த கிஷோர், ஸ்ரீராம், பாண்டி, முருகேஷ் நாலு பேரும் 2009-ல் பாண்டிராஜின் 'பசங்க' படத்தில் நடித்தவர்கள். அந்தப் படத்துக்காகக் கிஷோரும் ஸ்ரீராமும் தேசிய விருது வாங்கினார்கள்.

'கராத்தே கிட்' மாதிரிப் படங்களில் பையன் முறையாகக் கற்று, போட்டியில் ஜெயித்து, கோப்பை வாங்குவான். 'கோலி சோடா'வில் கோப்பை இல்லை, நடுவர் இல்லை. பெரியவர்கள் அடிக்கிறார்கள், பிள்ளைகள் திருப்பி அடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டைகள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தங்களுக்கென்று ஓர் அடையாளம் வேண்டும் என்பதற்காக அடிபடுகிற பிள்ளைகள் என்பதால் மனசு அவர்கள் பக்கம் போகிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தவர் ஆச்சிதான். சண்டை போடக் கற்றுத் தரவில்லை, கடை வைக்கச் சொல்லித் தந்தார்.

அமெரிக்காவில் 1992-ல் '3 நிஞ்சாஸ்' என்று ஒரு படம் வந்தது. மூன்று பேரன்களுக்குத் தாத்தா சண்டைக் கலை கற்றுத் தருகிறார். என் பேரன் போன லீவில் நாலு பாகத்தையும் வரிசையாகப் போட்டான். முதல் பாகத்தின் மூன்று பையன்களில் 1994-ல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் இருந்தவன் ஒருவன்தான். 1998-ல் வந்த நாலாம் பாகத்தில் மூன்று பேருமே புதுசு. பாத்திரத்துக்கு வயது ஏறுவதில்லை, பையனுக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். நாலிலும் மாறாமல் இருந்தவர் தாத்தாவாக நடித்த விக்டர் வாங். நானும் ஒரு தாத்தா என்பதால் இதைக் கவனித்தேன். மூன்றாம் பாகத்தை இயக்கியவர் ஷின் சாங் ஓக் என்கிற தென்கொரியர். அவரையும் அவர் முன்னாள் மனைவியான நடிகையையும் 1978-ல் வடகொரியா கடத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைத்தது. 1986-ல் வியன்னாவில் இருவரும் தப்பித்தார்கள். அவர் கதையையே படமாக எடுத்திருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திரையில் அடிபட்டு எழுந்திருக்கிற பையனுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1984-ல் வந்த பழைய 'கராத்தே கிட்'டில் வாத்தியாராக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போன பாட் மொரிட்டாவுக்குக் கராத்தே தெரியாது. கஷ்டமான இடங்களில் ஃபூமியோ டெமுரா என்கிற நிஜ கராத்தேக்காரர் அவருக்கு டூப் போட்டார். பள்ளிப் பையனாக நடித்த ரால்ஃப் மாச்சியோவுக்கு அப்போதே வயது இருபதைத் தாண்டியிருந்தது. இன்றைய படத்தின் ஜேடன் ஸ்மித் நிஜமாகவே சிறுவன். ஜாக்கி சானின் சண்டைக் குழுவில் இருக்கிற வூ காங் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். படத்தின் தயாரிப்பாளர்களில் இருவர் அவனுடைய அப்பாவும் அம்மாவும். தளத்தில் "இது வேண்டாம்" என்று சொல்ல அதிகாரம் உள்ள இரண்டு பேர் அவன் பக்கம் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு அங்கே யார் இருப்பார்கள்?

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் பூந்தமல்லி பக்கத்திலேயே 2020 பிப்ரவரியில் ஒரு பெரிய படத்தின் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். எல்லாரும் அனுபவமுள்ள தொழிலாளிகள் வேலை செய்த இடம் அது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பழைய குமாஸ்தா புத்தி, சுற்றறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வராது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத குழந்தை சினிமாவில் நடிக்கலாம், ஆனால் படிப்புக் கெடக் கூடாது. 2017-ல் வந்த விதிகளில் விவரம் இருக்கிறது. தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாமல் எதுவும் செய்ய வைக்கக் கூடாது. கடைசியாக ஒரு விதி, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசிய வங்கியில் குழந்தையின் பெயரில் பிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும். மேஜரானதும் பிள்ளை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு விதி அமெரிக்காவில் வரக் காரணமே ஒரு பையன்தான். 1921-ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன். முப்பது நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தான் என்பார்கள். மேஜரானதும் கேட்டால் அம்மாவும் அவருடைய இரண்டாவது கணவரும் தர மறுத்தார்கள். 1938-ல் கோர்ட்டுக்குப் போய், கையில் வந்தது 1,26,000 டாலர். அதன் பிறகுதான், 1939-ல், கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது.

நான் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்றால், கவுண்டரில் இருந்த காலத்தில் ஒருவர் தன் பெண்ணின் மைனர் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைக்க வந்தார். அந்தப் பெண் மேடைகளில் ஆடிப் பரிசு வாங்கிய பணம். பத்து வயது இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கவுண்டரில் நூலில் கட்டித் தொங்குகிற பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இந்தத் தொகை மைனரின் நலனுக்காகவே' என்று பாதுகாவலர் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, பழைய கடனை அடைக்க என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். படிவத்தில் குறை ஒன்றும் இல்லை. நான் டிக் போட்டு அதிகாரிக்கு அனுப்பினேன், பணம் போய்விட்டது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். குறைந்தபட்சம் அந்தப் பெண்ணிடம், "இது உன் பணம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில். பிள்ளைக்கு ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். கராத்தேயோ சிலம்பமோ நன்றாகக் கற்கட்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. கற்ற பிள்ளைக்கு சினிமா மட்டுமே வழியில்லை. ஆனால் நிஜமாகவே குழந்தை நடிகர் வேண்டும் என்கிறவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்க மாட்டார். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். டெபாசிட் எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

அந்தச் செய்தி இன்னும் எத்தனை வீட்டுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் நல்லது. யாராவது ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும், தாமதமானால் பணம் கைமாறிவிடும். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை கீழே லைப்ரரி அறையில்தான் இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், கூட உட்கார்ந்து புகாரை எழுதித் தருகிறேன்.

புரொஜெக்டர் ரெடி என்று கை காட்டுகிறார்கள். பிள்ளைகளே, முன் வரிசையில் நிற்காமல் உட்காருங்கள். ஒரு பையன் சட்டையைக் கழற்றி மாட்டி, எடுத்து, திரும்ப மாட்டி என்று நாள் கணக்காகச் செய்வான். போரடிக்கிறது என்று அப்போது எழுந்து போய்விடாதீர்கள். படம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டி வைக்க நாலு பேர் வேண்டும்.