வாக்கின் காவல்



தேர்தல் என்றவுடன் நம் நினைவில் எழுவன மேடைப் பேச்சும் ஊர்வலமும் சுவரொட்டியும் ஆகும். அந்த ஆரவாரமெல்லாம் அடங்கிய பின்னர், அமைதியாக நடைபெறும் காரியம் ஒன்று உண்டு. ஒருவர் வாக்குச்சாவடிக்குள் நுழைகிறார். தம் பெயரைச் சொல்கிறார். விரலில் மை பெறுகிறார். மறைவிடம் சென்று வாக்களித்துத் திரும்புகிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் இச்செயலுக்கு எத்தனை காவல்கள் அமைந்துள்ளன? அவற்றுள் வலியது எது, மெலிந்தது எது? பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனைச் சிறிது சிந்திப்பது நலம். ஏனெனில், அந்த மெலிந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாமே.

விழிஞ்ஞத்தையே எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த இவ்வூர், ஆய் மன்னர் காலத்திலேயே பெயர்பெற்ற துறை. 2025 மே 2-ஆம் நாள் இங்குப் புதிய பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இங்கிருந்து தென்கிழக்கே சென்று களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததேயன்றி உறவு அறவில்லை. பருவம் வந்தால் குமரிக் கடலோரத்துப் படகுகள் விழிஞ்ஞத் துறையை நாடுகின்றன. பெண் கொடுத்தது ஒருபுறம், பிழைப்பு மறுபுறம் என்று வாழும் குடும்பங்கள் பல. இத்தகைய குடும்பத்தில் ஒருவருடைய பெயர் ஊரில் ஒரு பட்டியலிலும் தொழிலிடத்தில் மற்றொரு பட்டியலிலும் ஏறிக் கிடப்பது வியப்பன்று. இச்செய்தியை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தேர்தலில் மோசடி என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதற்கண் குற்றம் சாட்டப்படுவது வாக்குப்பதிவு இயந்திரமே. விழிஞ்ஞத்துக்கு அண்மையிலேயே அத்தகைய பேச்சு எழுந்ததுண்டு. 2019 ஏப்ரல் 23-ஆம் நாள் மக்களவைத் தேர்தலின்போது, கோவளம் சட்டமன்றப் பகுதியைச் சேர்ந்த சொவ்வரையில் ஒரு சாவடியில், ஒரு சின்னத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் வேறொரு சின்னத்துக்குரிய விளக்கு எரிகிறது என்று முறையீடு எழுந்தது. அங்கு வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டு, இயந்திரம் மாற்றப்பட்டது. வாக்கு இடம்மாறிப் பதிவாகிறது என்ற குற்றச்சாட்டை அதிகாரிகள் மறுத்தனர்.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க விதி என்ன சொல்கிறது? வாக்களித்தவர் கண்ணாடிக்குள் ஏழு வினாடி நேரம் தோன்றும் ஒப்புகைச் சீட்டைப் பார்க்கிறார். தாம் அழுத்திய சின்னம் அதில் இல்லையென்றால், சாவடியின் தலைமை அலுவலரிடம் எழுத்து மூலம் உறுதிமொழி தந்து, முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வாக்கு இடலாம். முறையீடு உண்மையானால் அந்த இயந்திரத்தில் பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் முறையிட்டவர் மீது வழக்குத் தொடரலாம்; ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. வீண் புரளியைத் தடுப்பது இதன் நோக்கம். ஆயினும், மெய்யாகவே ஐயம் கொண்ட எளியவரையும் இவ்வச்சம் வாயடைத்துவிடக் கூடும் என்று கூறுவோரின் வாதத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. முறையிடுவதற்கு வழி இருப்பது மட்டும் போதாது. அவ்வழியில் அஞ்சாமல் நடக்கவும் இயலவேண்டும்.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் வரலாறே கேரளத்தில்தான் தொடங்குகிறது. 1982 மே 19-ஆம் நாள், எறணாகுளம் மாவட்டத்துப் பரவூர்த் தொகுதியில், 84 சாவடிகளுள் 50-இல் இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் எண்ணத்தக்கது. இயந்திரம் நல்லதா தீயதா என்பதன்று அங்கு எழுந்த வினா. அன்றைய சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டையே கூறின. சட்டம் இடங்கொடாத ஒன்றைத் தேர்தல் ஆணையம் தானாகப் புகுத்தலாகாது என்பதே முடிவு. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுதேர்தல் நடந்தது, ஜோஸ் வென்றார். பின்னர் 1988-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் தந்தது.

நிற்க. இயந்திரத்தின் மீது ஐயம் எழுந்து, அதற்கு விடை தேடும் முறைகளும் வளர்ந்தன. 2019-இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணி ஒப்பிட ஆணையிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற வேண்டுகோளை அதே நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் கோரினால் குறிப்பிட்ட அளவு இயந்திரங்களைச் சோதிக்க வழி செய்தது. இது போதும் என்பாரும் போதாது என்பாரும் உளர்.

ஆனால் கேரளத்தில் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்ட மோசடி இயந்திரத்தின் உள்ளே நிகழ்ந்ததன்று. 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் காசர்கோடு, கண்ணூர்த் தொகுதிகளில், சிலர் பிறர் பெயரில் வாக்களித்தமை சாவடியில் வைத்திருந்த காமிராவில் பதிந்தது. அதன் விளைவாக ஏழு சாவடிகளில் மே 19-ஆம் நாள் மறுவாக்குப்பதிவு நடத்தப்பட்டது. கள்ள வோட்டு என்னும் சொல் மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொது, தொழிலும் பொதுவே. கள்ள வோட்டுக்கு இயந்திர நுட்பம் எதுவும் வேண்டுவதில்லை. பட்டியலில் ஒரு பெயர் இருக்கவேண்டும். அப்பெயருக்கு உரியவர் ஊரில் இருத்தலாகாது. இவ்விரண்டும் போதும்.

ஊரில் இல்லாதவர் யார்? சூரத்தில் தறியோட்டுகிறவர், மும்பையில் கடை வைத்திருப்பவர், பெங்களூரில் கணிப்பொறி நிலையத்தில் பணிசெய்கிறவர், விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்கு வந்தவர். ஊரைவிட்டு வந்த நாம், நம் பெயரை ஊர்ப் பட்டியலில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவது போன்றதே இது.

2021-இல் இவ்விடர் வெளிப்படையாயிற்று. கேரளப் பட்டியலில் இலட்சக்கணக்கான இரட்டைப் பதிவுகள் உள்ளன என்று எதிர்க்கட்சித் தலைவர் குற்றம் சாட்டினார். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, தான் ஆராய்ந்தவரையில் 38,586 இரட்டைப் பதிவுகள் காணப்பட்டன என்று தேர்தல் ஆணையம் தெரிவித்தது. இரு எண்ணிக்கைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஒரே பெயரும் ஒரே வயதும் உடைய இருவர் உண்மையிலேயே இரு வேறு மனிதராக இருக்கலாம் அல்லவா? ஆகவே, பெயர் ஒத்திருப்பது மோசடிக்குச் சான்றாகாது. மோசடிக்கு வாயிலாகலாம், அவ்வளவே. 2021 ஏப்ரல் 6-ஆம் நாள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. காலையில் ஒருபுறம் வாக்களித்துவிட்டு மாலையில் மறுபுறம் வாக்களிப்பாரோ என்ற ஐயத்தால் இடுக்கி மாவட்டத்து எல்லை வழிகளில் காவல் மிகுந்தது. தோட்டத் தொழிலாளரான தமிழர் மீதே அந்த ஐயப்பார்வை விழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவர் இருமுறை வாக்களித்தால், பழி ஓராயிரம் நேர்மையான தொழிலாளர் மீது விழுகிறது.

சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம். வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு; ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. அதே சமயம், சிறிது காலம் வெளியூர் சென்றிருப்பதால் உரிமை போய்விடுவதுமில்லை. பருவத்துக்கு மட்டும் விழிஞ்ஞம் வந்து திரும்பும் மீனவருக்கு ஊர் வாக்கு உண்டு. இங்கேயே குடியேறி ஆண்டுகள் பல கழித்தவருக்கு இங்குதான் வாக்கு. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி செல்கிறது. இரு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டுமே செல்லா. இரட்டிப்பு இலாபம் தேடுபவர் முதலையும் இழக்கிறார்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஐம்பது மாநிலங்களும் தேர்தலைத் தத்தம் முறைப்படி நடத்துகின்றன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவரின் பெயர் பழைய பட்டியலிலும் தங்கிவிடுவது அங்கும் வழக்கமே. பட்டியல்களை ஒப்பிட்டுத் திருத்துவதற்காக 2012-இல் ஏழு மாநிலங்கள் கூடி ஒரு நிறுவனத்தை அமைத்தன. பின்னர்ப் பல மாநிலங்கள் சேர்ந்தன. 2022 முதல் சில விலகவும் செய்தன. 2000-ஆம் ஆண்டில் புளோரிடாவில் 537 வாக்குகள் ஒரு நாட்டின் அதிபரை முடிவு செய்தன. துளை சரியாக விழாத சீட்டுகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஐயம் எழுந்தபோது, சுமார் ஐம்பது இலட்சம் சீட்டுகளைக் கையாலேயே எண்ணினார்கள். வெற்றி பெற்றவர் மாறவில்லை. அங்கு ஐயத்துக்கு விடை சொல்லக் கையில் தாள் இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இப்பாடம் நமக்குப் புதிதுமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அது வாக்குப்பதிவன்று, தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டுத் திருவுளச்சீட்டுப் போல் எடுக்கும் முறை. ஆயினும் அதன் காவல் நுட்பமானது. நம்பிமாருள் முதியவர் ஒருவர், யாவரும் காணும்படி குடத்தைத் தூக்கி நிற்கவேண்டும். உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதைப் பெறுகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவர் படித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் படிக்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம் முன்னோர். மனிதரின் நற்குணத்தை நம்பி அவர்கள் முறை வகுக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று வகுத்தனர். வாக்கின் காவல் என்பது இதுவே. பூட்டும் முத்திரையும் இரகசிய எண்ணும் துணைக்காவல்கள். சாதாரண மனிதன் தன் கண்ணால் கண்டு சரிபார்க்க இயலுவதே தலைக்காவல். 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் ஆக்கப்பட்டு வரும் அழியாத மை இன்றும் மதிப்பிழக்காதிருப்பதற்குக் காரணமும் இதுதான். விரலை நீட்டினால் எவரும் பார்க்கலாம்.

பட்டியலைத் திருத்துவதிலும் இவ்விதி பொருந்தும். 2025 இறுதியில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. டிசம்பர் 19-ஆம் நாள் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில், முன்பிருந்த 6 கோடியே 41 இலட்சம் பெயர்களுள் 97 இலட்சத்துக்கு மேற்பட்டவை இடம்பெறவில்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவினரும் அவற்றுள் உண்டு. ஆனால் பெரும்பகுதி, இடம் பெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர். அஃதாவது, நம்மைப் போன்றோர். இங்கே இரண்டாவது இடர் தோன்றுகிறது. இரண்டு பட்டியலிலும் பெயர் இருப்பது ஒரு கேடு. இரண்டிலும் இல்லாமற் போவது அதனினும் கேடு. களை பறிக்கும்போது பயிரும் சேர்ந்து வருமானால், உழவன் நின்று பார்க்கவேண்டும். நம் பெயர் நீக்கப்பட்டால் அதைக் கேட்கவேண்டியவர் நாமே.

ஆகவே செய்யத்தக்கது யாது? எங்கு வாழ்கிறோமோ அங்குப் பெயரைப் பதிந்துகொள்வோம். குடிமாறினால் படிவம் 8 வழியாகப் பெயரை மாற்றிக்கொள்வோம். ஊரில் பழைய பெயர் நீங்கியதா என்பதையும் பார்ப்போம். வரைவுப் பட்டியல் வெளியாகும்போது நம் பெயரோடு, நம் தெருவில் மறைந்தவர், குடிபெயர்ந்தவர் பெயர்களையும் படிப்போம். நாம் சாவடிக்குச் செல்லும்போது நம் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்திருந்தால், தலைகுனிந்து திரும்பாமல், நம் அடையாளத்தை மெய்ப்பித்து டெண்டர் வோட்டு எனப்படும் சீட்டைக் கேட்டுப் பெறுவோம். அச்சீட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்பாரும் உண்டு. 2008-இல் இராஜஸ்தானத்து நாத்துவாராத் தொகுதியில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது ஒரே ஒரு வாக்கு. 2016-இல் நம் நெல்லை மாவட்டத்து இராதாபுரத்தில் 49 வாக்குகள். ஒரு தெருவில் குடிபெயர்ந்தவர்களை எண்ணினாலே இத்தொகை வந்துவிடும். அந்த 49 பேரின் பெயர்கள் எந்தப் பட்டியலில், எவர் பொறுப்பில் கிடக்கின்றன என்பதே வினா. அவற்றை நம் பொறுப்பில் வைத்துக்கொள்வோமாக.