பாதைக்கு முன் பேச்சு

அமெரிக்காவில் கொலராடோ ஆறு பாயும் கிளென்வுட் பள்ளத்தாக்கு மிகக் குறுகலானது. அதற்குள் நான்குவழி நெடுஞ்சாலை வரப்போகிறது என்றதும் ஊரார் கொதித்தார்கள். மலை சிதைந்துவிடுமே!

குடிமக்கள் குழுவும் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பயணம் பாதுகாப்பாக இருக்கவேண்டும்; ஆறும் பாறையும் மரமும் பிழைக்கவேண்டும். இதுவே இரு தரப்புக்கும் பொதுவான குறிக்கோள். அதிலிருந்துதான் சாலையின் வடிவமே பிறந்தது. போகும் பாதையும் வரும் பாதையும் படிக்கட்டுபோல மேலும் கீழுமாக அமைந்தன. மலையை அதிகம் வெட்டாமலிருக்க சுமார் 40 பாலங்கள். வெட்டிய பாறைக்குக்கூட இயற்கை நிறம் பூசினார்கள். எவ்வளவு அக்கறை, பாருங்கள்! ஆற்றோரம் மிதிவண்டிப் பாதையும் உண்டு. 1992இல் பணி முடிந்தது.

உங்கள் ஊரில் சாலைத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அவசியம் போய்ப் பேசுங்கள்.