சிற்றளவில் ஓர் உருமறைப்பு வலை



இராயபுரத்திலிருந்து காசிமேட்டுக் கரையோரமாகத் திருவொற்றியூர் நோக்கிச் செல்பவர் வலையைக் காணாமல் செல்லுதல் அரிது. காயும் வலை ஒருபுறம். முதியோர் கூடியிருந்து கிழிசல் பார்க்கும் வலை மறுபுறம். இன்னும் வடக்கே சென்றால் எண்ணூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரிகள் நம் இராணுவத்தில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. லாரியும் வலையும் ஒன்றுசேரும் இடம் போர்க்களம். வானூர்தியின் கண்ணுக்குத் தப்ப, லாரிமீது உருமறைப்பு வலையை விரிக்கின்றனர். சிறிய லாரிகளையும் டாங்கிகளையும் மாதிரிகளாகச் செய்து மகிழும் மாணவர் பலர் உளர். அவர்களுக்காக அவ்வலையை மெய்போலச் செய்யும் முறையை இன்று கூற விழைகிறேன்.

மறைப்பின் அருமை சென்னைக்குப் புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் இங்கு வந்து, துறைமுகத்தருகே வெட்டவெளியில் நின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. எம்டனுக்கு உள்ளவை மூன்று புகைபோக்கிகள். பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலக் கப்பல்போல வேடமிட்டதும் உண்டு. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்லிவருவது வீணாகப் பிறந்த வழக்கா? மறு ஆண்டில் பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புக்கெனத் தனிப் பிரிவே அமைத்தது. ஒரு பொருளைக் காட்டிக்கொடுப்பது அதன் நிறத்தைவிட அதன் நிழலும் விளிம்புமே என்பதை ஓவியர் அறிவர். கயிற்று வலையில் துணிப்பட்டைகளைக் கோத்து விரித்ததன் நோக்கம் அந்நிழலையும் விளிம்பையும் உடைப்பதே.

இனிக் கணக்குக்கு வருவோம். மாதிரிகளில் பரவலாக உள்ள அளவு 35இல் ஒரு பங்கு. 7 மீட்டர் நீளமுள்ள லாரி 20 சென்டிமீட்டராகும். மெய்யான வலையின் கண் ஏறத்தாழ 3 அங்குலம் என்று கொண்டால், மாதிரியில் அது 2 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகும். கொசுவலையோ பழைய மீன்வலையோ கிடைத்ததை வெட்டிப் போர்த்துவோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை. மருந்துக்கடையில் விற்கும் தளர்வான பாண்டேஜ் துணியே இதற்கு ஏற்றது. அதன் கண் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பாவிலும் ஊடிலும் ஒன்றுவிட்டு ஓர் இழையைப் பொறுமையாக உருவினால், வேண்டிய கண் கிடைத்துவிடும். 72இல் ஒரு பங்கு மாதிரி என்றால் உருவவே வேண்டா. துணி உள்ளபடியே பொருந்தும்.

உருவிய துணியை அடர்ந்த தேயிலைக் கஷாயத்தில் ஊறவைத்து உலர்த்துக. வெண்மை போய் மண்நிறம் ஏறும். நைலான் வருமுன் நம் கடற்கரையில் பருத்தி வலைகளை மரப்பட்டைக் கஷாயத்தில் தோய்த்தார்களே, அதே துவர்ப்புச் சத்துதான் தேயிலையிலும் உள்ளது. அங்கே வலை உளுத்துப்போகாமல் காக்க, இங்கே நிறத்துக்காக.

அடுத்தது வலையை விரிப்பது. பலர் தோற்பது இங்கேதான். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவர் சிலர் செய்திருந்த லாரியை, காசிமேட்டு வலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சற்று நேரம் உற்று நோக்கினான். “வலை இப்படி விறைச்சிக்கினு நிக்காது சார், தன் கனத்துக்குத் தானே உக்காரும்” என்றான். கணக்கில் அவனுக்கு மதிப்பெண் குறைவு; ஆயினும் அவன் சொன்னது முழுக்க முழுக்கக் கணக்கே. நீளம் 35 மடங்கு குறைந்தால் பரப்பு 1,225 மடங்கு குறையும். கனமோ 42,875 மடங்கு குறைந்துவிடும். பெரிய வலையைக் கீழே இழுக்கும் கனம் சிறிய வலைக்கு இல்லை. ஆகையால் அத்தொய்வை நாமே உண்டாக்க வேண்டும். அன்று முதல் அவ்வகுப்பில் வலை வேலைக்கு அவனே ஆசான்.

அவன் கற்றுக்கொடுத்த முறை இது. லாரியைப் பாலிதீன் தாளால் மூடி, சுற்றிலும் உயரம் வேறுபட்ட குச்சிகளை நடுக. வெள்ளைப் பசை ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு கலந்து, அதில் துணியை நனைத்துப் போர்த்துக. குச்சிக்குக் குச்சி இடையில் ஈரத் தூரிகையால் மெல்லத் தாழ்த்துக. இழைகள் கூடும் இடங்களில் தேங்கும் பசை காய்ந்தபின் முடிச்சுப்போலத் தோன்றும். விளிம்புகள் செங்குத்தாக விழலாகாது. சரிந்து தரையைத் தொட வேண்டும்.

துணிப்பட்டைகளுக்கு மெல்லிய காகிதம் போதும். 2 அங்குலப் பட்டை இங்கே ஒன்றரை மில்லிமீட்டர். சிலர் தேயிலைத் தூளைத் தூவிவிடுகின்றனர். அது உதிர்ந்த சருகுபோல இருக்குமேயன்றிக் கோத்த துணியாகாது. பட்டைகள் நடுவில் நெருங்கியும் ஓரம் நோக்கி அருகியும் இருந்தால்தான் வலையின் நிழல் விளிம்பின்றிக் கரையும். நிறத்துக்குப் புட்டிப் பச்சை வேண்டா. எண்ணூர்க் கழியோரம் புழுதி படிந்து நிற்கும் சீமைக் கருவேலின் இலையைப் பாருங்கள். அந்த மங்கிய பச்சையே போதும்.

நம் கடற்காற்றில் பசை எளிதில் காயாது. ஒரு முழுநாள் பிடிக்கும். அதுவரை அடியிலுள்ள பாலிதீன் தாளை உருவ வேண்டா.