வீட்டுக்கு விலை போடுறவர் யாருங்க?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



அன்னூர் பக்கம் நம்ம உறுப்பினர் ஒருத்தர், பாதி கட்டின வீட்டை முடிக்க வங்கியில் லோன் கேட்டிருந்தாங்க. தெரிஞ்சவர் சொல்லி ஒருத்தர் பைக்கில் வந்தார். வீட்டைச் சுத்திப் பார்த்து, 22 லட்சம் என்று எழுதி, "வேல்யூவர்" என்று சீல் குத்தி, 4,000 ரூபாய் வாங்கிட்டுப் போனார். வங்கியில், "இவர் எங்க பேனல்ல இல்லீங்களே" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்திச் சேர்த்த காசுங்க அது.

சீல் யார் வேணும்னாலும் செய்யலாம். படிப்பு அப்படி இல்லை. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகள்படி, நிலம், கட்டடத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக சிவில் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் மாதிரிப் பட்டம் வேண்டும். அதன் பிறகு 5 வருட அனுபவம், மேல்படிப்பு என்றால் 3 வருடம். 50 மணி நேரப் பயிற்சி, அப்புறம் பரீட்சை. பதிவு தருவது ஐ.பி.பி.ஐ., அதாவது திவால் வாரியம். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க! அதன் வெப்சைட்டில் அவர் பேரும் பதிவு எண்ணும் இருக்கா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

ஆனா அந்தப் பதிவு இருந்தாலும் எல்லா வங்கியும் ஏத்துக்கும்னு இல்லை. வங்கிக்கு வங்கி பேனல் தனி. முதல்ல கிளையில் கேளுங்க, பெரும்பாலும் அவங்களே ஆளை அனுப்புவாங்க. பீஸ் கட்டினா ரசீது வாங்குங்க.

30 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 20 லட்சம்னு எழுதினா மிஞ்சிப் போனா 18, 15 லட்சம்னு எழுதினா பதிமூன்றரை. அதுக்காகக் கூட்டி எழுதச் சொல்லாதீங்க, தவணை கட்டப்போறது நாமதானே?

ரிப்போர்ட்டில் கைடுலைன் மதிப்பு, மார்க்கெட் மதிப்பு ரெண்டும் வரும். கைடுலைன் என்பது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த விலை. "கட்டாய விற்பனை மதிப்பு" என்றும் ஒண்ணு இருக்கும். அவசரமா வித்தா என்ன கிடைக்கும் என்ற கணக்கு, குறைவாத்தான் இருக்கும்.

அந்த அக்கா வீட்டுக்கு இப்போ பேனல் இன்ஜினியர் வந்துட்டார். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் எல்லாம் வாங்கிப் பார்த்தார். டேப் பிடிச்சு அளந்தார். அக்கம்பக்கத்தில் சைட் விலை விசாரிச்சார். ஓட்டு வில்லையைத் தனியாக் குறிச்சுக்கிட்டார். அவர் போட்டது 17 லட்சம். ரிப்போர்ட் வங்கிக்குப் போயிருக்குதுங்க.