ஃபைல் திரும்பிப் போனா என்ன அர்த்தம்?

'ரிமாண்ட்'னு சொன்னதும் நம்ம ஊர்ல 15 நாள் காவலும் புழல் சிறையும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவுல முன்னாள் ராணுவ வீரர் ஒருத்தருக்கு அந்த வார்த்தை தபால்ல வரும். "ஆதாரம் போதலை, உங்க ஃபைலைக் கீழ் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புறோம்"னு அர்த்தம். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

பணியில ஏற்பட்ட பாதிப்புக்கு அங்க முன்னாள் ராணுவத்தினர் துறை, அதாவது வி.ஏ., மாசாமாசம் இழப்பீடு தருது. பொதுவா மூணு விஷயம் காட்டணும்: இப்போ பாதிப்பு இருக்கு, பணியில ஒண்ணு நடந்துச்சு, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. ஆதாரம் ரெண்டு பக்கமும் சமமா நின்னா, வீரருக்குச் சாதகமாத்தான் முடிவெடுக்கணும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பீரங்கிப் படையில இருந்தவருக்கு இப்போ காது சரியா கேக்கலை. வி.ஏ. அனுப்பின மருத்துவர், "பணியை விட்டு வரும்போது இவர் காது நார்மல், அதனால தொடர்பு இல்லை"ன்னு எழுதிட்டார். விண்ணப்பம் நிராகரிப்பு. அவர் வாஷிங்டன்ல இருக்குற மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போறார்.

1993-லேயே ஹென்ஸ்லி வழக்குல நீதிமன்றம் சொல்லிடுச்சு: வெளியே வந்த நாள்ல காது நார்மலா இருந்ததை மட்டும் வச்சுக் கதவைச் சாத்த முடியாது. அப்போ வாரிய நீதிபதி நேரா பணத்தைக் கொடுத்துடலாமே? முடியாது. அவர் மருத்துவர் இல்லை; மருத்துவக் கருத்தை அவரே உருவாக்கக் கூடாது. அதனால சரியான கருத்து வாங்கச் சொல்லி ரிமாண்ட் பண்றார்.

டெஸ்டர் ஒருத்தர் சரியா பார்க்காமலே டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டா, லீட் அதை ரீஓபன் பண்ணுவார் இல்லையா? அதேதான். ஆதாரம் திரட்ட உதவுறது 2000-ஆம் வருஷச் சட்டப்படி வி.ஏ.வோட கடமை. அதுல ஓட்டை விழுந்ததைத்தான் ரிமாண்ட் சொல்லுது. 1998 ஸ்டெகால் வழக்குப்படி, ரிமாண்ட் உத்தரவுல சொன்னதை நிறைவேத்தச் சொல்லிக் கேக்குறது வீரரோட உரிமை.

ஆனா இதுக்கு விலை, காலம். பழைய முறையில வேலை முடிஞ்சதும் கேஸ் தானா வாரியத்துக்குத் திரும்பும். 2019 பிப்ரவரியில வந்த புது முறையில அப்படி இல்லை. கீழ் அலுவலகம் புதுசா ஒரு முடிவு கொடுக்கும். மறுபடியும் 'இல்லை'ன்னா, மறுபடியும் இவர்தான் மேல்முறையீடு பண்ணணும். பாதிப்பேருக்கு வயசு எழுபதைத் தாண்டியிருந்தா, இந்தச் சுத்து என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால கடிதம் வந்ததும் சோர்ந்து உக்காரக் கூடாது. என்னென்ன குறையுதுன்னு அந்த உத்தரவே சொல்லும். வரி வரியா படிக்கணும். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டா போகாம இருக்கக் கூடாது. காரணத்தோட எழுதின சொந்த மருத்துவர் கருத்து உதவும். கூட இருந்த வீரர்களோட வாக்குமூலமும் உதவும். 1973 ஜூலையில செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் தீப்பிடிச்சப்போ 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல ஃபைல்கள் அழிஞ்சுபோச்சு. அந்தத் தலைமுறைக்கு இந்த மாதிரி வாக்குமூலம் ரொம்ப முக்கியம்.

முக்கியமா, ஒவ்வொரு முடிவுக்கும் அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள அடுத்த அடி வைக்கணும். அப்போதான் முதல்ல விண்ணப்பிச்ச தேதி கைவிட்டுப் போகாது. ஜெயிச்சா பாக்கிப் பணமும் அதை வச்சுத்தான் கணக்காகும். நடுவுல அவர் இறந்துட்டா? தகுதியுள்ள வாழ்க்கைத்துணை ஒரு வருஷத்துக்குள்ள கேட்டு, அந்த கேஸைத் தொடரலாம்.

இழப்பீடு வருமா வராதான்னு ரிமாண்ட் சொல்றதில்லை. கேஸ் இன்னும் உயிரோட இருக்குன்னு சொல்லுது. அதைச் சாக விடாம பார்த்துக்கறதுதான் மிச்ச வேலை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!