முற்றத்தில் ஒரு வானியல் வகுப்பு



வானியலை விருப்பத்திற்காகக் கற்க வருவோர்க்கென நாம் நடத்தும் வகுப்பைப் பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். முதல் முயற்சி தோற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கெப்ளரின் விதிகளிலிருந்து தொடங்கினோம். நான்காம் வாரத்தில் பெஞ்சுகள் வெறுமையாயின.

அன்று வாயிலில் நின்றிருந்த முதியவர் ஒருவர், கண்மாய் மடையில் இரவெல்லாம் நீர் பாய்ச்சி மூத்தவர், "ஆறாமீனுக்கு உங்க புத்தகத்திலே என்ன பேரு, தம்பி?" என்று வினவினார். கார்த்திகை பிறந்ததும் அது உச்சிக்கு வந்தால் நடுச்சாமம், மடை மாற்றும் நேரம் என்றார். கணக்கிட்டுப் பார்த்தோம்; பிசகவில்லை. அப்பருவத்தில் அவ்விண்மீன் கூட்டம் கதிரவனுக்கு ஏறத்தாழ எதிர்ப்புறம் நிற்கிறது. கடிகாரம் வாங்க வழியற்றிருந்த நம் முன்னோரின் இவ்வறிவைக் கல்வியென எவர் ஏட்டில் எழுதினர்? பாடத்தை அவர் கேள்வியிலிருந்தே மீண்டும் அமைத்தோம்.

தொலைநோக்கி இல்லையே என்று தயங்குவோர் உண்டு. கை போதும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மதுரையின் வட அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. ஆதலின் இங்கு வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் துருவ விண்மீன் தெரியும்; தில்லியிலோ மூன்று முட்டி ஏறவேண்டும். பூமி உருண்டை என்பதை இதைவிட எளிதாக எந்தப் படமும் காட்டாது. நகர விளக்கொளி அதை மறைத்துவிடும். மேலூர்ப் பக்கத்து வயல்வெளிக்குச் செல்வது நலம்.

மேகநாத சாகாவைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறோம். விண்மீன்களின் நிறமாலையைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டிய அவரது சமன்பாடு 1920இல் வெளிவந்தது. அவரோ மாணவர் விடுதியில், சாதியின் பெயரால், உடனமர்ந்து உண்ணச் சிலர் மறுத்த இளைஞர். இதைச் சொல்லும்போது நம் விடுதிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று, அஞ்சிக் கதவடைத்த தாய்மாரையும் முற்றத்திற்கு அழைத்தோம். அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் உருவைத் தரையில் விழச்செய்தோம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஊர்களிலும் இப்பணியை ஆற்றியது. கிரகணம் முடியுமுன்னே இட்லி பரிமாறப்பட்டது; முதல் இட்லியை எடுத்தவர் ஒரு பாட்டியார்!

அடுத்த வகுப்பு ஏப்ரல் 16ஐ ஒட்டி, உச்சிவெயிலில். அன்று 12 மணி 17 நிமிட அளவில் கதிரவன் மதுரையின் தலைக்கு நேர் மேலே நிற்பான். செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் இராது. தவறவிட்டோர்க்கு ஆகஸ்டு கடைசி வாரத்தில் மற்றொரு வாய்ப்புண்டு. வருவோர் நேரான ஒரு கோலும், நூலில் கட்டிய கல்லும், தலைக்கு ஒரு துண்டும் கொண்டுவரக் கோருகிறோம்.