மூன்று மணி இருபது நிமிட இன்டர்நெட்

2005-ஆம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியபோது, அதன் வேகம் நொடிக்கு 256 கிலோபிட். சிறிய திட்டங்களில் மாதத்துக்குக் கிடைத்த டேட்டா சில நூறு எம்.பி.தான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் காசு. சில திட்டங்களில் மட்டும் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தவர்கள் அப்போது உண்டு. எட்டு மணிக்கு அதை நிறுத்த மறந்த வீட்டில், பில் வந்த அன்று பெரிய பஞ்சாயத்தே நடக்கும்.

இன்று வேகம் பல நூறு மடங்கு கூடிவிட்டது. டேட்டாவுக்கான உச்சவரம்பு மட்டும் போகவில்லை. விளம்பரத்தில் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும். வரம்பு, நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மக்களின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்பது என் கருத்து.

2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் அறிமுகமானதை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் நடந்த சோதனைக் காலத்தில், டாப்-அப் எல்லாம் சேர்த்து மாதம் 1,100 ஜி.பி. வரை வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது. கட்டணத் திட்டங்கள் வந்தபோது, 699 ரூபாய் அடிப்படைத் திட்டத்தில் 100 எம்.பி.பி.எஸ். வேகம், 100 ஜி.பி. டேட்டா, கூடுதலாக 50 ஜி.பி. என்றார்கள். தீர்ந்தபிறகு வேகம் 1 எம்.பி.பி.எஸ். ஜி.எஸ்.டி. தனி. ஆவலோடு காத்திருந்த பலருக்கு முகம் சுருங்கிப்போனது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்.பி. இறங்கும். அந்த வேகத்தை முழுதாகப் பயன்படுத்தினால், மொத்தம் 150 ஜி.பி.யும் 3 மணி 20 நிமிடத்தில் காலி. யாரும் அப்படி விடாமல் இழுப்பதில்லை, உண்மைதான். ஆனால் ஹெச்.டி. படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜி.பி. தின்னும். அப்பாவுக்குக் கிரிக்கெட், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, பாட்டிக்கு யூடியூபில் கச்சேரி என்றிருக்கும் வீட்டில், மாதம் பாதி தாண்டும்போதே திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஓராண்டில் நிலைமை மாறியது. 2020-இல் வீடே அலுவலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனபிறகு, செப்டம்பரில் ஜியோ 399 ரூபாயிலும் ஏர்டெல் 499 ரூபாயிலும் 'அன்லிமிடெட்' திட்டங்களைக் கொண்டுவந்தன. அந்த அன்லிமிடெட்டுக்கும் 3,300 ஜி.பி. என்ற எல்லை இருந்தது. பெரும்பாலான குடும்பங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகாது. அந்த அளவு தாராளமானது என்றே சொல்வேன். அப்படியிருக்க, அதை வெளிப்படையாகச் சொல்வதில் என்ன தயக்கம்? எல்லை இருக்கும் பொருளை எல்லையில்லாதது என்று விற்கக்கூடாது.

வரம்பு எதற்கு என்று நிறுவனங்களைக் கேட்டால், எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கத்தான் என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. பல வீடுகளுக்கான ஃபைபர் இழைகள் ஒரே இணைப்பிலிருந்து பிரிகின்றன. பரவலாக உள்ள ஜிபான் என்ற முறையில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 32 வீட்டிலும் ஒரே நொடியில் 100 எம்.பி.பி.எஸ். கேட்டால் 3.2 ஜிகாபிட் வேண்டும். அது அங்கே இல்லை. ஆனால் அந்த நெரிசல் வருவது இரவு எட்டு முதல் பத்து மணி வரை. சாயங்காலப் பேருந்தில் கூட்டத்தைக் குறைக்க, மாதத்துக்கு இத்தனை தடவைதான் ஏறலாம் என்று சொன்னால் கூட்டம் குறையுமா? விடியற்காலை மூன்று மணிக்கு டவுன்லோடு போடுகிறவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் அவருடைய டேட்டா குறைகிறது. பி.எஸ்.என்.எல்.லின் பழைய இரவு இரண்டு மணித் திட்டம் இந்த விஷயத்தில் இன்றையதைவிட நேர்மையானது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வரம்பு எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதன்பின் என்ன வேகம் என்ற மூன்றையும் விளம்பரத்திலும் இணையதளத்திலும் சொல்ல வேண்டும் என்று 2012-லேயே உத்தரவிட்டது. டேட்டா 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும், வரம்பு தாண்டினாலும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று 2016-இல் சொன்னது. 512 கிலோபிட்டில் இன்று வீடியோ வகுப்பு ஒழுங்காக ஓடாது. 2023-இல் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகமே 2 எம்.பி.பி.எஸ். ஆனபிறகு, வரம்புக்குப் பிந்தைய வேகமும் அதற்கேற்ப உயர வேண்டாமா?

புதிய இணைப்பு வாங்கும்போது, ஏஜென்டோ தெருவில் கேபிள் இழுக்கும் தம்பியோ, யார் வந்தாலும் வரம்பு, அதுவரை வேகம், அதன்பின் வேகம் என்ற மூன்று விவரத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சொன்னபடி இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் செய்யுங்கள். தீர்வு திருப்தியாக இல்லாவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. முதல் புகாரின்போது தரும் டாக்கெட் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள், மேல்முறையீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.